மாடல் ஏ எஞ்சினில் ஹெட்டின் சமதளம்

1927 முதல் 1931 வரை தயாரான ஃபோர்டு மாடல் ஏ காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே அமைந்திருக்கின்றன. மேலே உள்ள வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இயக்கப் பாகம் எதுவும் கிடையாது. எரிப்பறைக் குழிவுகளும் தண்ணீர் வழிகளும்தான். அதனாலேயே பலர் அதை வெறும் மூடியாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் குறைந்து எஞ்சின் கொதித்ததும், நட்டுகளை வரிசை தப்பி முறுக்கியதும் 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஹெட்டின் அடிப்பரப்பில் வளைவாகத் தங்கியிருக்கக்கூடும்.

சேதத்தில் ஒரு பங்கு கழற்றும்போதே நேர்கிறது. 14 ஸ்டட்களிலும் துரு பிடித்து ஹெட் கிளம்பாதபோது, இடுக்கில் உளியை அடித்து நெம்புவார்கள். அந்த வடுவழியேதான் பிறகு கேஸ்கட் கசியும். நட்டுகளை இரண்டு சுற்று தளர்த்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றாமல் எஞ்சினைச் சுழற்றினால், சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றே பெரும்பாலும் ஹெட்டைத் தூக்கிக்கொடுக்கும்.

பழைய கேஸ்கட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஒட்டிய மிச்சத்தை நனைத்தே சுரண்ட வேண்டும். காய்ந்த தூளைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு.

நன்றாக ஆறிய, சுத்தமான ஹெட்டின் அடிப்பரப்பில்தான் நேர்விளிம்புக் கோலான ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைக்க வேண்டும். நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தாளை நுழைத்துப் பார்ப்பது முறை. 4 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் தாள் எங்கும் நுழையவில்லை என்றால், இந்தக் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சினுக்கு அது போதும். ஆனாலும் அளவை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நீளம் முழுக்கப் பரவிய மெல்லிய வளைவு நட்டுகளின் இறுக்கத்தில் படிந்துவிடும். அதே அளவுப் பள்ளம் இரு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்திலோ, தண்ணீர்த் துளை ஓரத்தில் அரித்த குழியாகவோ இருந்தால் கேஸ்கட் நிலைக்காது.

பிளாக்கின் மேற்பரப்பையும் இதேபோல் பார்த்தாக வேண்டும். ஸ்டட் துளைகளைச் சுற்றி இரும்பு மேலே இழுபட்டு மேடு தட்டியிருப்பது சகஜம். ஸ்டட்களைக் கழற்றி, துளை வாயைச் சற்றுச் சரித்து மேட்டை நீக்கிவிட்டால், கோணல் என்று கருதப்பட்ட ஹெட் சில நேரம் அப்படியே பொருந்திவிடுகிறது. இதைப் பார்க்காமல் ஹெட்டை கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்புவது அவசரம்.

கிரைண்டிங் தேவைதான் என்றால், முதலில் காந்தத்தூள் சோதனையில் விரிசல் இல்லை என்று தெரிய வேண்டும். ஒன்றிரண்டு தௌ வளைவை, சர்ஃபேஸ் பிளேட்டில் எமரி ஷீட் விரித்துக் கையாலேயே தேய்த்து எடுக்கலாம். விளிம்பில் அழுத்தம் கூடினால் ஓரம் உருண்டுவிடும் என்பதால் அடிக்கடி நீலச்சாயம் பூசி மேடுகளைப் பார்ப்பது அவசியம். அதற்கு மேற்பட்டதற்கு மெஷின்தான். பரப்பு முழுதும் பளபளக்கும் வரை சீவத் தேவையில்லை. கேஸ்கட் அடைக்கும் இடங்கள் சமமானதும் நிறுத்திவிடலாம். சீவிய இரும்பைத் திரும்ப வைக்க வழியில்லை. தவிர, மேலெழும் வால்வுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு சீவலிலும் குறைகிறது. வால்வின் மேல் களிமண் வைத்து, கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் மிச்ச இடைவெளி தெரிந்துவிடும்.

பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, சில கட்டங்களில், 55 அடி-பவுண்டு வரை நட்டுகளை முறுக்க வேண்டும். எஞ்சின் சூடேறியதும் அதே வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும். புதுக் கேஸ்கட் அமுங்க அமுங்க நட்டுகள் தளரும் என்பதால், முறுக்கு மாறாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.