பெரியப்பா பொட்டியில பென்குயின்

ஆர்வக்கோளாறுன்னா என்னன்னு என்னைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். சில வருஷம் முன்னாடி பெரியப்பாவோட கம்ப்யூட்டர்ல ஒரே ராத்திரியில விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். காலையில, "ஏன்டா, என் லெட்டரெல்லாம் இங்கிலீஷ்ல என்னத்தையோ உளறுது?"ன்னார். எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சது. அந்த எழுத்துருவை நான் போடவே இல்லை. சாயங்காலமே விண்டோஸ் திரும்பி வந்துடுச்சு. என் மேல நம்பிக்கைதான் வரலை.

2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திச்சு. அவர் பொட்டியில டிபிஎம் 2.0 இல்லை, அதனால 11-க்குத் தகுதி இல்லை. "புதுசு வாங்கணுமாடா?"ன்னு கேட்டப்ப கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு. பென்ஷன் காசு.

இந்தத் தடவை விண்டோஸை நான் தொடலை. அதுக்குள்ளயே ஃபயர்பாக்ஸ், விஎல்சி, லிப்ரெஆபிஸ் போட்டுக் கொடுத்தேன். வேர்டு கோப்புல அட்டவணை நகர்ந்து போச்சுன்னு ரெண்டு வாரம் திட்டினார் (நியாயமான திட்டுதான்). பழைய கடிதங்களை யுனிகோடுக்கு மாத்தினோம். மூணு மாசம் கழிச்சு, பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸ் மின்ட்டை ஓட்டிக் காமிச்சேன். ஹார்ட்டிஸ்க்ல எதையும் மாத்தாம வைஃபை, பிரின்டர் எல்லாம் சோதிச்சுக்கலாம். பிரின்டர் பாஸ், ஸ்கேனர் ஃபெயில்!

அதனால எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டு, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சேன். ஸ்கேனருக்கு மட்டும் விண்டோஸ், அதுவும் இன்டர்நெட் இல்லாம. தமிழுக்கு ஐபஸ்ல எம்17என் போட்டா தமிழ்99-உம் டைப்ரைட்டர் விசைப்பலகையும் கிடைக்கும். அவர் டைப்ரைட்டரைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார்.

நேத்து போன். "டேய், அந்த விண்டோஸை எடுத்துட்டா எவ்வளவு இடம் மிச்சமாகும்?"

"அவசரப்படாதீங்க பெரியப்பா, ஸ்கேனர் இருக்கு"ன்னேன். நானா இப்படிப் பேசறேன்! :-)