ஆடிக்குள் ஒரு வீடு

ஜூன் 8, ஞாயிறு

"ஆடி பிறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா, பையன் பெங்களூர்லேர்ந்து வரான்." வாடகை வாங்க வந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி போகிறபோக்கில் சொல்லிவிட்டார். 11 மாத ஒப்பந்தம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கலாமா என்று கேட்டபோதெல்லாம் "அதுக்கென்ன அவசரம்" என்றவர். அவசரம் யாருக்கு என்று இப்போது தெரிகிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். ஆக, ஜூலை 16 கெடு.

ஜூன் 15, ஞாயிறு

வேளச்சேரியில் எங்கள் கைக்கு எட்டும் வாடகை இல்லை. பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று, என்னோடு தங்கியிருக்கும் தோழியின் ஸ்கூட்டியில் டூலெட் போர்டு தேடினோம். பாதி போர்டுகளில் 'ஃபேமிலி ஒன்லி'. ஓரிடத்தில் மாமா ஒருவர் அன்பாகத்தான் பேசினார். தண்ணீர் தந்தார், மோட்டார் போடும் நேரம் சொன்னார். பிறகு, "தென்காசியா? தென்காசில எந்தத் தெரு?" வழி தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை இந்தக் கேள்வி. தோழி பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றாள். "அது சரி, குலதெய்வம் எது?" என்றார். வண்டியைத் திருப்பினோம். தோழி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்று நேராகக் கேட்கிறவர்களே தேவலை.

ஜூன் 21, சனி

மேடவாக்கத்தில் புரோக்கர் காட்டிய வீடு. ஒற்றைப் படுக்கையறை, வாடகை 13,000. அட்வான்ஸ் ஆறு மாதம், 78,000. புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, எல்லாம் சேர்த்து 1,04,000. கரண்டுக்குத் தனி மீட்டர் கிடையாது, சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு 9 ரூபாய். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகை வீட்டுக்காரரோடு நின்றுவிடும்.

என் கைக்கு வரும் சம்பளம் 27,000. வாடகையில் பாதியை மாதாமாதம் கொடுத்துவிடலாம், அதற்குப் பழகிவிட்டோம். இப்போதிருக்கும் வீட்டில் எங்கள் அட்வான்ஸ் பணம் ஒரு லட்சம் கிடக்கிறது. காலி செய்து சாவி கொடுத்தால்தான் அது வரும். அதற்குமுன் இன்னொரு லட்சம் புரட்டினால்தான் காலி செய்ய முடியும். வாடகை உயர்வைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். படிக்கப் படிக்கத் தெம்பாக இருந்தது. அட்வான்ஸ் பிரிவின் ஆரம்பத்தை மறுபடி பார்த்தேன்: இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்தான் அந்த மூன்று மாதம். கெடுவைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நிற்கிறவள் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டாள்?

புரோக்கரிடம் பதிவு பற்றி மெல்லக் கேட்டேன். "அதெல்லாம் பேசினா வீடு கையை விட்டுப் போயிடும் சிஸ்டர்."

ஜூலை 12, சனி

குடிபுகுந்தாயிற்று. அம்மாவின் செயின் ஊரில் கூட்டுறவு வங்கியில். தோழி அவள் அண்ணனிடம் கைமாற்று. டாட்டா ஏஸ்காரர் வாஷிங் மெஷினைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக 500 வாங்கினார். பால் பொங்கியது. பத்திரத்தில் மறுபடியும் 11 மாதம்; வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவுச் சட்டப்படி பதிந்தாக வேண்டும், அதைத் தவிர்க்கக் கண்டுபிடித்த கணக்கு இது. பிரியாணி வாசனை போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய வீட்டு ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 14,000 பிடித்துக்கொண்டாராம். பில் கேட்டதற்கு, "பெயின்டுக்கெல்லாம் யாரும்மா பில் வாங்கறா?" 46,000 ஜிபேயில் வந்திருக்கிறது. மீதி 40,000?

"பையன் வரலைம்மா, வீடு சும்மாதான் கிடக்கு. வர்றவங்க அட்வான்ஸ் குடுத்ததும் உடனே அனுப்பிடறேன்."

அப்படியானால் எங்களுக்கு முன் இருந்தவர்களுக்குப் போனதும் நாங்கள் கொடுத்த பணம்தான். யாருடைய பணமும் யாரிடமும் இல்லை. நல்லவர்தான், மனசறிந்து ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் வாடகையை 17,000 ஆக்கியிருக்கிறார், ஆடி வேறு. ஆவணியில்தான் ஆள் வரும். அதுவரை செயினுக்கு வட்டி நான் கட்ட வேண்டும்.