இடுப்பில் பிள்ளை, கையில் பத்து நிமிடம்

திருச்சியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தைக்காரர்கள். மற்றவர்கள் ஓடித் திரிகிற வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள். "எடையைக் குறைக்கணும்க்கா, ஆனா நேரமே கிடைக்க மாட்டேங்குது" என்றுதான் அநேகமாக எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சின் பின்பாதியைத்தான் நான் முதலில் கையிலெடுப்பேன். அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால், நடுவில் துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது, சமையல், மூத்த பிள்ளையின் வீட்டுப்பாடம், பலருக்கு ஆபீஸ் வேலையும் உண்டு. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைக்காத பெண்ணுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியை எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு தினமும் அவள் மனதைக் குத்தும். அவள் பொழுதை அளந்து அதற்கேற்றபடி பயிற்சியை வெட்டித் தைப்பது என் பொறுப்பு. இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே முக்கியமானது இதுதான்.

இதற்கு அறிவியல் துணையும் இருக்கிறது. உடலியக்கம் குறித்து உலக சுகாதார நிறுவனம் முன்பு வெளியிட்ட பரிந்துரையில், ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் வந்த புதிய பரிந்துரையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கம் என்பதுதான் இலக்கு. அதை மூன்று நிமிடம், ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். இதைச் சொன்னதும் பல முகங்களில் ஒரு தெளிவு வரும். சமையலறையில் நின்றுகொண்டே செய்தது வீண் போகவில்லை என்று தெரிந்தால் மறுநாளும் செய்வார்கள்.

முதல் நாள் நான் எடை மெஷினை எடுப்பதில்லை. "நேத்து காலையில எந்திரிச்சதிலிருந்து சொல்லும்மா" என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். எத்தனை மணிக்குப் பால், எப்போது குளியல், யார் வீட்டில் இருந்தார்கள், எந்த நேரத்தில் பிள்ளை வேறொருவர் கையில் இருந்தது, அவள் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் தயங்கி வரும். பிள்ளை தூங்கும் நேரத்தை நம்பி எதையும் எழுதக் கூடாது என்பது என் விதி. அந்த நேரம் நிச்சயமில்லாதது. கிடைத்தாலும் அதை அவள் தூங்கப் பயன்படுத்துவதே நல்லது. தினமும் எப்படியும் நடந்தே தீருகிற காரியங்களோடுதான் பயிற்சியைக் கோக்க வேண்டும்.

அடுத்தது வயிறு. பாயில் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வேன். விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, "தலையை மட்டும் லேசாத் தூக்கும்மா" என்பேன். தூக்கும்போது வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளும் இறுகி என் விரலை நெருக்க வேண்டும். சிலருக்கு நெருக்காது, இரண்டு விரல், மூன்று விரல் உள்ளே இறங்கும். நடுவயிறு மேடாக எழும்பி நிற்கும். கர்ப்பத்தில் வயிறு பெருக்கும்போது நடுவிலுள்ள நார்த்திசு விரிந்து தசைகள் விலகியதன் மிச்சம் அது. பலருக்கு முதல் இரண்டு மாதத்திலேயே பெருமளவு தானாகக் கூடிவிடும். கூடாதவர்கள் "தொப்பை போகவே இல்லை" என்று வருத்தப்படுவதில் ஒரு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு இந்த இடைவெளி. இதைப் பார்க்காமல் யூடியூப் வீடியோவை வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி அந்த மேடு இன்னும் தள்ளும்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா என்றும் கேட்பேன். குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொல்வார்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதோடு காலம் தள்ள வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிய காலத்திலிருந்து இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சி நம்மிடம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தவர்களில் நிறையப் பேருக்குக் கசிவு குறைகிறது. சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, முழுதாகத் தளர்த்துவது. தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. இதை நான் பால் கொடுக்கும் நேரத்தோடு கோத்துவிடுவேன். பிள்ளை வாய் வைத்ததும் முதுகை நன்றாகச் சாய்த்து, மூச்சை விடும்போது உள்ளிழுத்து, மூச்சை வாங்கும்போது தளர்த்தச் சொல்வேன். நாளைக்கு எட்டுத் தடவை பால் கொடுக்கிறவளுக்கு எட்டு வேளைப் பயிற்சி தானாக அமைந்துவிடும்.

மற்றவற்றையும் இப்படியே கோப்பேன். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது சுவரில் கையை ஊன்றி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளி வருவது. பாத்திரம் துலக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுப்பது. பால் கொடுத்துக் கொடுத்துக் கூன் விழுகிற தோளுக்கு இதுதான் மருந்து. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது இரண்டு நடையாகப் பிரித்து ஏறுவது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நாற்காலிப் பயிற்சி. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, மூச்சை விட்டபடி எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். ஆறு மாதத்தில் பிள்ளை ஏழு, எட்டுக் கிலோ இருக்கும். ஒரு வயதில் ஒன்பதைத் தாண்டும். பிள்ளை வளர வளரச் சுமையும் தானாகக் கூடுகிறது. அம்மா எழுந்து உட்காருவதைப் பிள்ளையும் விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கும். சுகப்பிரசவமானால் ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு, சிசேரியன் ஆனால் தையல் ஆறி டாக்டர் சரி என்ற பிறகுதான் இந்தச் சுமைப் பயிற்சிகள். ஓட்டமும் குதிப்பும் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். உதிரப்போக்கு கூடினாலோ, தையலில் வலித்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல் கனத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தூக்குகிற முறையையும் சொல்லியாக வேண்டும். அக்குளில் கட்டைவிரலைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வீங்கி வருகிற தாய்மார்கள் நிறைய. ஒரு கையைப் பிட்டத்துக்குக் கீழும் மறு கையை முதுகிலும் கொடுத்து ஏந்தினால் அங்குள்ள தசைநாண் இழுபடாது. இடுப்பில் வைப்பதென்றால் பக்கத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வலியோடு இருப்பவள் பயிற்சி செய்ய மாட்டாள். வலியைத் தீர்ப்பதே எடைக் குறைப்பின் முதல் படி.

இனி சாப்பாடு. வேகமாக அரை மணி நேரம் நடந்தால் செலவாகிற கலோரி ஏறக்குறைய 150. ஒரு டீஸ்பூன் நெய் 45, ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20. ஆக, எடையை இறக்குவதில் தட்டுக்குத்தான் பெரும்பங்கு. பயிற்சி தசையையும் மனதையும் காப்பாற்றித் தருகிறது. சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்களின் தட்டில் கணக்கில் வராத ஒரு வரவு உண்டு: பிள்ளை வைத்த மிச்சம். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதம் நாலு கவளம், பாதி பிஸ்கெட், கடித்த வாழைப்பழம். வீணாக்க மனம் வராது. தான் பசியோடு இருக்கும்போது பிள்ளைக்கு ஊட்டினால் அந்த மிச்சம் நிச்சயம் தன் வாய்க்குத்தான் போகும். அதனால், "ஊட்டறதுக்கு முன்னாடி நீ சாப்பிடு" என்பதுதான் நான் சொல்கிற ஒரே பத்தியம். முடியாவிட்டால் ஒரு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டலாவது முதலில். பிறகு பிள்ளைக்குக் கொஞ்சமாகப் பிசைந்து, கேட்டால் மறுபடி பிசைவது.

பால் கொடுக்கிறவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். மூன்று இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான் 600. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று இரண்டு மடங்கு சோறு வைப்பது இதற்குப் பொருந்தாது. எடைக்குப் பயந்து இதையும் விட்டுவிடுவதும் தவறு. பயிற்சி செய்தால் பால் வற்றிவிடும் என்ற பயமும் வீடுகளில் உண்டு. அதிக எடையுள்ள, பால் கொடுக்கும் தாய்மாரை வைத்து அமெரிக்காவில் செய்து, 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. உணவுக் கட்டுப்பாட்டோடும் பயிற்சியோடும் வாரத்துக்கு அரைக் கிலோ குறைத்தவர்களின் குழந்தைகள் மற்றவர்களின் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். நான் அந்த அரைக் கிலோவையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறேன். அதற்கும் குறைவாக இறங்கினால் அதுவும் நல்லதே.

இரவு முழுக்கக் கண் விழித்த மறுநாள் மூச்சுப் பயிற்சி தவிர வேறெதுவும் செய்யச் சொல்வதில்லை. 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரே நபர்களை ஒரே அளவு குறைந்த உணவில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டுப் பார்த்தார்கள். எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதியளவுகூட இல்லை, தசைதான் அதிகம் போயிருந்தது. சிறிய ஆய்வுதான், என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களிடம் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய சோதனையை நாட்டுக்குத் தந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, அவர் பிறந்த மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிரசவத்தோடு அந்தச் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து மட்டும் இறங்காது. ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இவர்களுக்குச் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிட நடை நல்ல பலன் தரும். ஏப்பம் வரப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கூடத்தில் நடப்பதும் அந்த நடைதான்.

நாற்பது நாள் பத்தியத்தையும் பூண்டுக் குழம்பையும் கருவாட்டையும் நான் எதிர்ப்பதில்லை. வயிற்றில் துணி கட்டுவது தளர்ந்த வயிற்றுக்குப் பிடிமானம் தருகிறது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே போய் அடித்தளத் தசைகளைச் சிரமப்படுத்தும், அதனால் இரண்டு விரல் நுழையும்படி கட்டச் சொல்கிறேன். "பச்ச உடம்பு, அதுக்குள்ள என்ன எக்சர்சைஸ்?" என்று மாமியார் கேட்டால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்களும் செய்யுங்கம்மா, முட்டி வலிக்கு நல்லது" என்பேன். உறையூரில் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து நாற்காலிப் பயிற்சி செய்வார்கள். நடுவில் பிள்ளையை ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். கணவரிடம் நான் கேட்பது வேறு. மாலையில் அரை மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் வரட்டும், தினமும் அதே நேரத்தில். மனைவிக்குச் செய்கிற உதவி என்று அதை நினைக்கக் கூடாது. தன் பிள்ளையோடு அவருக்கு உரிய நேரம் அது. அந்த அரை மணியில் அவள் நடக்கலாம், இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுக்கலாம்.

பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு என் சீட்டு மாறும். ஒன்று முதல் நாலு வயதுவரை பிள்ளைகள் நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பிள்ளைக்கு வேண்டிய அந்த மூன்று மணி நேரத்தில் தாய் முப்பது நிமிடம் கூடச் சேர்ந்துகொண்டால் வாரக் கணக்கு நிறைந்துவிடும். பந்தை உருட்டிக் குந்தி எடுப்பது, பாண்டி ஆடுவது, பூங்காவில் துரத்திப் பிடிப்பது. போனைக் காட்டி ஊட்டுவதை விட்டு, நிலாவைக் காட்டி மொட்டைமாடியில் நடந்தபடி ஊட்டுவதும் இதில் சேரும்.

அளவெடுப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். எடையோடு இடுப்புச் சுற்றளவும் பார்ப்பேன். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. முப்பது விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் எழுதிவைப்பேன். முள் நகராத வாரங்களில் இந்த எண்கள் நகர்ந்திருக்கும். எதுவுமே நகராமல், களைப்பும் முடி கொட்டலும் இருந்தால் தைராய்டு சோதனைக்கும் இரத்தசோகைச் சோதனைக்கும் அனுப்புவேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதற்கும் மருத்துவர் உண்டு.

2019–21-இன் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள், பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இவ்வளவு பேரையும் என்னைப் போன்றவர்களின் கிளினிக்குக்கு வரச் சொல்ல முடியாது. வரவும் தேவையில்லை. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தாய் எப்படியும் பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவருகிறாள். அன்று பிள்ளையை எடை போடுகிறோம். தாயைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடுவீடாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் பிள்ளை பெற்ற பெண்ணின் பெயரும் ஏற வேண்டும். பால் கொடுக்கும்போது செய்ய ஒன்று, நாற்காலியில் செய்ய ஒன்று என இரண்டே இரண்டு பயிற்சிகளைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுத்தால், பிள்ளையின் வளர்ச்சியோடு தாயின் பலமும் அந்த அட்டையில் பதிவாகும்.