மைனஸ் பதினைந்து, நல்ல வெயில்

மான்ட்ரியலுக்குப் படிக்க வருகிற எல்லாரையும் ஜனவரியைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். நவம்பரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆளை அமுக்குவது நவம்பர்தான். இலையெல்லாம் கொட்டி முடிந்திருக்கும், பனி இன்னும் விழுந்திருக்காது, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். தெருவுக்கும் வானத்துக்கும் ஒரே சாம்பல் நிறம். டிசம்பரில் பனி விழுந்து, கரையாமல் நின்றுவிட்டால் போதும், ஊரில் வெளிச்சம் கூடிவிடுகிறது. புதுப் பனி தன்மேல் படுகிற ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ராத்திரி பத்து மணிக்கு அறை விளக்கை அணைத்த பிறகும் மேசைமேல் இருக்கிற புத்தகத்தின் தலைப்பு தெரிகிறது. பகலில் கூலிங் கிளாஸ் இல்லாமல் வெளியே போக முடியாது. அதை ஊரிலிருந்து கொண்டுவரத் தோன்றாது. இங்கே வந்துதான் வாங்குவோம்.

*

மான்ட்ரியல் இருப்பது 45.5 டிகிரி வடக்கில். இத்தாலியின் மிலான் நகரமும் ஏறக்குறைய அதே ரேகைதான். ஆனால் அங்கே ஜனவரி ஒரு கோட்டோடு போய்விடும். ஐரோப்பாவுக்கு அட்லாண்டிக் கடலின் மேலிருந்து வெதுவெதுப்பான காற்று வருகிறது. நமக்கு வருவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உறைந்த நிலத்தின் மேல் உருண்டு வருகிற காற்று. ஆர்க்டிக்கிலிருந்து அது இறங்கி வர, வழியில் மறிப்பதற்கு இமயமலை மாதிரி ஒன்றும் இல்லை.

இதில் ஒரு லாபம் உண்டு. வடக்கிலிருந்து வருகிற அந்தக் காற்றில் ஈரம் கிடையாது. அதனால் கடுங்குளிர் நாள் என்றாலே பெரும்பாலும் மேகமில்லாத நாள். மைனஸ் 20 என்று போன் காட்டினால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கலாம்: வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்.

*

பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு தமிழ்க் கடை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். நான் நடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“என்ன தம்பி, குளிருதோ? இண்டைக்கு வடிவான நாள். வெய்யில் எறிக்குது.”

“மைனஸ் இருபத்திமூணு அண்ணே!”

“அதுக்கென்ன? ரெண்டு கால்சட்டை போட்டால் சரி. நாளைக்குப் பாருங்கோ, பிளஸ் ஒண்டாம், மழையாம். அதுதான் கரைச்சல். ஸ்நோவுக்குப் பயப்பிடத் தேவையில்லை தம்பி. ஐஸுக்குத்தான் பயப்பிட வேணும்.”

மறுநாள் அவர் சொன்னபடியே மழை. அன்றிலிருந்து நான் அண்ணன் கட்சி.

*

பூஜ்யத்தைச் சுற்றி இருக்கிற நாட்கள்தான் கெட்ட நாட்கள். பனி கரைந்து, உப்போடும் அழுக்கோடும் சேர்ந்து, தெரு முனைகளில் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு பழுப்புக் குழம்பு நிற்கும். அதைத்தான் இங்கே ஸ்லஷ் என்கிறார்கள். கெட்டித் தரை என்று நம்பிக் காலை வைத்தால் சாக்ஸ் வரைக்கும் நனையும். ராத்திரி அது உறையும். காலையில் அதன்மேல் பொடிப் பனி தூவி மூடியிருக்கும். விழுந்து கை உடைகிறவர்கள் எல்லாம் இந்த மாதிரி நாட்களில்தான் உடைத்துக்கொள்கிறார்கள்.

மைனஸ் 15-ல் இந்தத் தொல்லையே இல்லை. அந்தக் குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால் நடைபாதையில் பொடிக்கல்லைத் தூவிவிடுகிறார்கள். பனி காய்ந்து, மணல் மாதிரி கிடக்கும். மிதித்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். சூடான பனியில் கால் அழுந்தும்போது மேல்பரப்பு லேசாக இளகி வழுக்கிக்கொடுத்துவிடும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் இளகாமல் மணி மணியாக உரசி நொறுங்கும், அந்தச் சத்தம் அது. இப்போதெல்லாம் போனைப் பார்க்காமல், வாசல்படி இறங்கி நாலடி நடந்தே குளிர் எவ்வளவு என்று ஓரளவு சொல்லிவிடுகிறேன். மூக்குக்குள் முடி விறைத்துக் குத்தினால் இன்னும் ஐந்து டிகிரி கழித்துக்கொள்ளலாம்.

(“சூடான பனி” என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும். இங்கே மைனஸ் இரண்டு சூடுதான்.)

*

இந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற பெரிய ஆபத்துகூட கடுங்குளிரால் வந்ததில்லை. 1998 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கி ஐந்தாறு நாள், பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில், மழை தண்ணீராகவே விழுந்து தொட்ட இடத்தில் உறைந்திருக்கிறது. கிளை, கம்பி, கோபுரம் எல்லாம் கண்ணாடி போர்த்தி, பாரம் தாங்காமல் சாய்ந்தன. கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் போயிற்று, சில ஊர்களுக்கு ஒரு மாதம் வரை. எங்கள் வீட்டுக்காரப் பாட்டி அப்போது வாங்கிய மெழுகுவர்த்திப் பெட்டியை இன்னும் சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறார். இங்கே வீடுகளைச் சூடாக்குவதே பெரும்பாலும் மின்சாரம்தான், அணைக்கட்டுகளிலிருந்து வருவது. ஆகவே அந்தப் பெட்டியைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

*

உடை விஷயம். நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாக: பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் காலை விறைக்க வைக்கும். கம்பளி. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலையும் ஒன்றாகப் போட்டு மூடுகிற மிட்டன் நல்லது. காதை மூடுகிற குல்லா, இந்த ஊர்ப் பேச்சில் ட்யூக். பூட்ஸில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டால் வினிகரும் தண்ணீரும் கலந்து துடைக்கலாம்.

யாரும் சொல்லாதது இது: கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட நடையில் வியர்த்துவிடும். வியர்த்தபின் பஸ்ஸுக்கு நிற்பதுதான் உண்மையான குளிர்.

உறைந்த தெருவில் நடப்பதற்குப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. மழை பெய்த வரப்பில் நடக்கிற நடைதான்: எட்டைச் சுருக்கி, பாதத்தை முழுதாக ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் இதில் ஒரு கனடாக்காரனுக்கும் சளைத்தவனில்லை.

*

கறுப்புக் கோட்டுக்குக் குளிரைத் தடுப்பது போக இன்னொரு பயன் உண்டு. காற்றில்லாமல் மெதுவாகப் பனி விழும்போது கையை நீட்டிக்கொண்டு நின்றால் சட்டைக்கைமேல் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். துணியும் குளிர்ந்திருந்தால் உடனே கரையாது, நிதானமாகப் பார்க்கலாம். மைனஸ் 15 வாக்கில் விழுபவைதான் வாழ்த்து அட்டையில் வருகிற நட்சத்திரங்கள்: ஆறு கை, கைக்குக் கை கிளை, கிளையில் இன்னும் சிறு கிளை. மைனஸ் 5 என்றால் வெறும் ஊசிகள். மைனஸ் 2-ல் மொட்டைத் தகடுகள். இங்கேயும் பாருங்கள், குளிர் கூடினால்தான் வேலைப்பாடு.

எல்லைக்கு அந்தப் பக்கம், வெர்மான்ட்டின் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். பெட்டிக் கேமராவை நுண்ணோக்கியோடு பொருத்தி 1885-ல் ஒரு பனித்துகளைப் படமெடுத்தார். அதற்குப் பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அக்கம்பக்கத்தில் கிறுக்கன் என்றே நினைத்திருப்பார்கள். பால் கறக்க வேண்டிய நேரத்தில் ஒரு மனிதன் கொட்டகையில் கறுப்புப் பலகையை நீட்டிக்கொண்டு நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்? 1931-ல், அவருடைய படங்களின் பெரிய தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டு டிசம்பரில், பனிப்புயலில் நடந்து வந்து நிமோனியா கண்டு இறந்தார்.

என்னிடம் போனில் மாட்டுகிற மலிவு லென்ஸ் இருக்கிறது. மூச்சுப் பட்டால் எல்லாம் போயிற்று. மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழக வேண்டும்.

*

பனி விழுவதைவிட அதை அள்ளுவது பெரிய வேடிக்கை. எவ்வளவு படிக்க இருந்தாலும் அந்த ராத்திரியில் ஜன்னலை விட்டு நகர மாட்டேன்.

முதலில் ஆரஞ்சு நிற அறிவிப்பு நட்டுவிடுவார்கள்: இன்னின்ன நேரத்தில் இந்தப் பக்கம் வண்டி நிற்கக் கூடாது. நேரம் வந்ததும் இழுவை வண்டி இரட்டைக் குரலில் சைரன் அடித்துக்கொண்டு தெருவில் மெதுவாகப் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமாவும் பூட்ஸுமாக ஜனங்கள் சாவியோடு ஓடிவருவார்கள். பிறகு நடைபாதையைச் சுரண்டுகிற குட்டி டிராக்டர்கள், டாங்கி மாதிரிச் சங்கிலிச் சக்கரத்தில், பயப்படும்படியான வேகத்தில். அவை தள்ளியதை வரம்பு கட்டுகிறது இன்னொன்று. கடைசியில் வருவார் பெரியவர்: வாயில் திருகு சுழலும் ராட்சத ஊதுவண்டி. பனியை வாரிக் குழாய் வழியாக ஊத, பக்கத்திலேயே அதே வேகத்தில் ஊர்ந்து வருகிற லாரி அதை வாங்கிக்கொள்ளும். ஒன்று நிறைந்தால் விலகும், அடுத்தது அந்த இடத்துக்கு வரும், ஊதுவது நிற்காது.

இந்த ஊதுவண்டியைச் செய்தவர் இந்த ஊர்க்காரர், ஆர்தர் சிக்கார். இன்று மான்ட்ரியலின் ஒரு பகுதியாகிவிட்ட செயின்ட் லியோனார்டில் பால் பண்ணைக் குடும்பம். பனி நாட்களில் பாலை ஊருக்குள் கொண்டுவர முடியாத கஷ்டம். கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்ததில் பிறந்த யோசனையை முப்பது வருஷம் விடாமல் பிடித்து, 1925-ல் முதல் வண்டியை ஓட்டிக் காட்டினார். 1927-ல் பக்கத்து உத்ரமோன் நகராட்சி ஒன்றை வாங்கியது.

அள்ளிய பனியில் ஒரு பகுதி சாக்கடைக் குழாயில் கொட்டப்படுகிறது. கழிவுநீரின் சூடு கரைத்துவிடும். இன்னொரு பெரிய பங்கு செயின்ட் மிஷேல் பகுதியில் ஃபிரான்கான் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிறது. ஜூனில் அங்கே எட்டிப் பார்த்தால் அழுக்குப் பிடித்த ஒரு மலை கிடக்கும், மேலே ஊரெல்லாம் அரைக்கால் சட்டையில் திரியும்போது.

*

பேட்டைக்குப் பேட்டை பூங்காவில் ஐஸ் தளம். நகராட்சி ஆட்கள் ராத்திரியில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக உறைய வைக்கிறார்கள். காசு கிடையாது. கடுங்குளிர் வாரத்தில் ஐஸ் கடினமாக, வழவழப்பாக இருக்கும். பிளஸ் வந்தால் பூட்டிவிடுவார்கள்.

எங்கள் பூங்காவில் நாலு வயதுக் குழந்தைகள் இரும்பு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சறுக்குகின்றன. நானும் ஒரு நாற்காலி பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் வந்த குழந்தை என் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதை மடக்கு” என்கிற மாதிரி முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போயிற்று. சரியான அறிவுரை. முழங்கால் மடங்கினால் பாதி வித்தை வந்துவிடும்.

உள்ளரங்கில் ஒழுங்காக விளையாடிய முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் இந்த ஊரில்தான், 1875 மார்ச் 3, விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்கில். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எகிறிப் பார்ப்பவர்கள்மேல் படக் கூடாதென்று தட்டையான மரவட்டு. ஆட்டம் முடிந்ததும் அடிதடி. அதாவது முதல் நாளே எல்லாம் சரியாக அமைந்துவிட்டது.

*

சமையலறையில்: தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. இட்லி மாவு மேசையில் வைத்தால் ரெண்டு நாளானாலும் அசையாது. ஓவனைப் பற்றவைக்காமல், உள்ளே இருக்கிற பல்பை மட்டும் எரியவிட்டு ராத்திரி வைத்தால் காலையில் பாத்திரம் நிரம்பிப் பொங்கியிருக்கும். ஓவன் கதவில் “மாவு” என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், அறைத் தோழன் பீட்சா சூடாக்கும் ஆள் என்றால்.

*

அம்மா என் ஊர் வானிலையைத் தன் போனில் வைத்திருக்கிறாள். “மைனஸ் முப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கே, காலேஜ் லீவு விடமாட்டாங்களா?” அது காற்றைச் சேர்த்துக் காட்டுகிற கணக்கு, உண்மையில் இருபத்திரண்டுதான் என்றேன். “இருபத்திரண்டுன்னா பரவாயில்ல” என்று வைத்துவிட்டாள். மைனஸை நான் சொல்லாமல் விட்டதை அவளும் கேட்கவில்லை.

*

மார்ச். ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்கள் தொடங்கினால் மேப்பிள் மரத்தில் நீர் ஓடும். சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. ஊருக்கு வெளியே சர்க்கரைக் குடில்களில், இன்னும் கொஞ்சம் முற்றக் காய்ச்சிய பாகைச் சுத்தமான பனிமேல் நீளக் கோடாக ஊற்றுகிறார்கள். பாகு பனியில் பட்டதும் இறுகும். குச்சியை ஒரு முனையில் வைத்து உருட்டினால் சுற்றிக்கொண்டு வரும். கடிக்க வேண்டாம், பல்லில் பிடித்துக்கொள்ளும், சப்ப வேண்டும். பாகுப் பதம் தெரிந்த நம் ஆட்களுக்கு அடுப்புப் பக்கம் நிற்பதுதான் அதிக சந்தோஷம். நான் பாட்டுக்கு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க, அடுப்படிப் பெரியவர் தலையாட்டினார்.

*

மார்ச் கடைசியில் பழைய சாமான் கடைகளில் ஸ்கேட்ஸ் விலை இறங்கும். கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்த்து எடுக்கவும், கூர் தீட்டத் தனிக் காசு வைத்துக்கொள்ளவும். ஃபிகர் ஸ்கேட்டில் முன்பக்கம் பல் இருக்கும், புது ஆளைத் தடுக்கிவிடுகிற பல். ஹாக்கி ஸ்கேட்டில் அது கிடையாது.