தெளிவு தூய்மையாகாது

தூய்மை என்றதும் நம் கண்ணையே அதற்கு நீதிபதியாக்கிவிடுகிறோம். துடைத்த நிலமும் துலக்கிய பாத்திரமும் பளிச்சென்றிருந்தால் மனம் அமைதியுறுகிறது. கொள்கலன் லொறிகள் எழுப்பும் புழுதியை நாள்தோறும் துடைத்தெடுக்கும் ஒருகொடவத்தை வாசிகளாகிய நமக்கு அவ்வமைதி பெரிதுதான். ஆயினும், ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களை வளர்ப்போர் கற்கும் முதற்பாடம், கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதே.

மனிதரின் உடலிலிருந்தோ விலங்கின் உடலிலிருந்தோ எடுத்த கலங்களைச் சத்துநீரில் இட்டு, 37 பாகை வெப்பத்தில் வைத்துப் பேணுவர். சத்துள்ள இடத்தைக் கிருமிகள் விட்டுவைக்குமா? பற்றீரியா புகுந்தால் ஓரிரு நாளில் நீர் கலங்கிவிடும். பூஞ்சணம் புகுந்தால் பஞ்சுபோல் மிதக்கும். இவை வெளிப்படையான பகைவர். அஞ்சத்தக்கவை ஓசையின்றிக் குடியிருப்பவையே.

"பெனிசிலினைச் சிறிது சேர்த்துவிட்டால் போதாதா, சேர்?" என்று மாணவர் ஒருவர் வகுப்பில் நம்மை வினவினார். பெனிசிலின், பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டவிடாது தடுத்தே அதனைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிருக்கோ கலச்சுவரே கிடையாது. இல்லாத சுவரை இடிப்பதெங்ஙனம்? நீரைக் கலக்காமலே அது கலங்களின் உணவைப் பங்கிட்டுண்டு, அவற்றின் இயல்பையும் மாற்றிவிடுகிறது. அத்தகைய கலங்களிற் புதுமருந்தைச் சோதித்தால் விடை பொய்த்துப்போகும். 1951இல் அமெரிக்காவில் ஹென்றியேற்றா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்டு உலகெங்கும் பரவிய ஹீலா கலங்களிலும் இது குடியிருந்தமை 1956இல் வெளியாயிற்று. மருந்தை இடைவிடாது சேர்ப்பதோ, மற்றக் கிருமிகளை அடக்கி, வேலை செய்பவரின் கைத்தூய்மைக் குறையை மறைத்துவிடுகிறது.

இதனினும் பெரிய பாடம் நம் அயல்நாட்டுக் குரங்குகளால் வந்தது. போலியோ எனப்படும் இளம்பிள்ளைவாதத்துக்கு 1955இல் தடுப்பூசி வந்தது. அதற்கான வைரசைக் குரங்குகளின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்தனர். அதன்பொருட்டு இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகள் ஆயிரமாயிரமாக அனுப்பப்பட்டன. அக்கலங்களுள் வேறொரு வைரசு ஒளிந்திருந்தது. பழகிய வீட்டில் அது எந்தச் சேதத்தையும் காட்டவில்லை. 1960இல் சுவீற், ஹில்மன் என்னும் அறிஞர் இருவர் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் கலங்களைக் கொண்டு சோதித்தபோது, அக்கலங்களினுள்ளே குமிழ்கள் தோன்றின. எஸ்.வி.40 என்னும் அவ்வைரசு அகப்பட்டது. ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தில் அது கட்டிகளை உண்டாக்குவதும் பின்னர் தெரியவந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் ஊசி பெற்றுவிட்டனர். 1961இல் அமெரிக்க அரசு, புதிய தடுப்பூசிகளில் அவ்வைரசு இருத்தலாகாதென விதித்தது. ஊசி பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில் புற்றுநோய் மிகுந்தமை காணப்படவில்லை. அது நற்பேறு, நம் திறமையன்று.

தடுப்பூசியை ஐயுறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. குற்றத்தைக் கண்டுபிடித்தவர்களும் தடுப்பூசி ஆக்கும் துறையினரே. பழகிய கண்ணுக்குப் புலப்படாததை வேறொரு சாட்சியைக் கொண்டு வினவினர் என்பதே அவர்தம் பெருமை. இன்று நல்ல ஆய்வுகூடங்கள் புதிதாய் வரும் கலங்களைத் தனியே ஒதுக்கிவைக்கின்றன, சாயமிட்டும், பீ.சீ.ஆர். முறையாலும் குறித்த காலங்களிற் சோதிக்கின்றன.

எனவே, கலங்கிய குப்பியைக் கொணரும் மாணவரை நாம் கடிந்துகொள்வதில்லை. அது தன் குற்றத்தைத் தானே சொல்லிவிட்டது. தெளிந்த குப்பியைக் கொணர்பவரிடமே, "சோதித்த குறிப்பு எங்கே, தம்பி?" என்று கேட்கிறோம்.