பழைய காருக்குக் கதவு மாட்டுவது

போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் சிலவற்றில் கதவே இருக்காது, அதனால் பிரச்சினையும் இல்லை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அப்படியல்ல. அதில் பாடி தனி, சேசிஸ் தனி. போல்ட்தான் இரண்டையும் பிடித்திருக்கிறது. எனவே கதவு இடித்தால் கோளாறு கதவில்தான் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே தகடு வைத்து மட்டம் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடி, பூட்டு இல்லாத வெறும் கதவைக் கீலில் மாட்டி, சுற்றிலும் இடைவெளி சமமாக வரும்வரை நகர்த்த வேண்டும். புது ரப்பர் பீடிங் கதவை வெளியே தள்ளும். அதையும் வைத்து மூடிப் பாருங்கள். இதெல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்!

நண்பர்களே, கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். கண்ணாடியோரம் இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் துரு உள்ளிருந்தே தின்றுவிடும். சிலமலைப் பக்கத்துச் சாரலில் நிற்கும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம்.