ஆப்பிள் கடையல்

ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் அரை டஜன் ஆப்பிளும் இருக்கும். படுத்திருப்பவரால் அத்தனையும் தின்ன முடியாது. வீடு திரும்பும்போது கட்டைப்பையில் அவையும் கூடவே திரும்பும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு வாரம் கிடக்கும். யாராவது எடுத்துக் கடித்தால் நறுக்கென்று இருக்காது. மாவு மாவாக உதிரும். அதற்கப்புறம் மாட்டுத் தொட்டிதான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் என் மாமனாருக்குக் கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அவர் வீட்டுக்கு வந்த அன்று எண்ணிப் பார்த்தேன், 38 ஆப்பிள். அவருக்கோ மெல்ல முடியவில்லை. நாலு பழத்தை நறுக்கி இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, கீரை கடையும் சட்டியில் போட்டு மத்தால் கடைந்து கொடுத்தேன். ஆறு மாதக் குழந்தைக்கு நாம் முதல் சோறாகக் கொடுப்பதைத்தான் எழுபது வயதுக்காரருக்கும் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குதா அம்மிணி?" என்று கேட்டார். மீதி 34 பழமும் அந்த வாரத்திலேயே சட்டிக்குள் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆவணி, புரட்டாசியில் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்து வீட்டில் இருபது கிலோவுக்குக் குறையாமல் ஆப்பிள் கடைகிறேன்.

வெளிநாட்டார் இதை ஆப்பிள் சாஸ் என்கிறார்கள். சாஸ் என்றதும் நமக்குச் சிவப்புத் தக்காளி பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது. நான் கடையல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கொங்கு வீடுகளில் கீரை, பருப்பு, கத்திரிக்காய் எல்லாம் கடையல் ஆகிறபோது ஆப்பிளுக்கு மட்டும் ஏன் வேறு பெயர்? பெயர் மட்டுமல்ல, கருவியும் அதேதான். உள்பக்கம் வரிவரியாகக் கீறின மண்சட்டியும் மர மத்தும் போதும். மிக்ஸியில் அடித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் உள்ளே காற்றுப் புகுந்து நுரை கட்டி, வெளுத்துப்போய், நாக்கில் ஒட்டும் பசையாகிவிடும். மத்து பழத்தை நசுக்கும், அரைக்காது. ரவை போன்ற அந்தச் சிறு மணல் நாக்கில் தட்டுப்பட்டால்தான் தின்பது ஆப்பிள் என்று தெரியும். மண்சட்டியில் இன்னொரு நன்மை உண்டு, புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பலாப்பழம் வரட்டிய ஓட்டு உருளி இன்னும் என்னிடம் இருக்கிறது. சக்கைவரட்டிக்கு அதைப்போல ஒரு பாத்திரம் கிடையாது. ஆனாலும் ஆப்பிளுக்கு அதை எடுக்க மாட்டேன். பலா இனிப்பு, ஆப்பிளில் புளிப்பு இருக்கிறது. புளிப்புப் பண்டம் ஈயம் பூசாத பித்தளையிலும் வெண்கலத்திலும் வேகக் கூடாது என்பது அம்மிச்சி காலத்துப் பாடம். நிறைய செய்யும் நாளில் அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவைத்துச் சட்டிக்கு மாற்றிக்கொள்வேன்.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது எதுவும் மாமனார் சாப்பிட்ட அந்த முதல் கிண்ணத்தைத் தாண்டவில்லை. இனிப்பு இருந்தது, ருசி இல்லை. காரணம் பழம் என்று புரியவே நாளாயிற்று. கடைக்கு வருகிற பளபளப்பான சிவப்பு ஆப்பிள் பெரும்பாலும் டெலிசியஸ் வகை. அமெரிக்காவிலிருந்து வந்து இமாசலத்தில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-இல் கோட்கர் பகுதியில் ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டார். அங்கிருந்து பரவிய இனிப்பு ஆப்பிளைத்தான் தேசமே ஆப்பிள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பச்சையாகக் கடித்துத் தின்ன உண்டான பழம். நாளாக ஆகப் பழத்தின் புளிப்பு குறைந்துகொண்டே போகும். அதோடு, அதன் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையும் இளகும். கடிக்கும்போது அறைகள் உடைந்து சாறு வர வேண்டும். பசை இளகிய பழத்தில் அறைகள் உடையாமல் தனித்தனியே பிரிந்துவிடும். மாவு மாவாக இருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். சாறு உள்ளேயே இருக்கிறது, நாக்குக்குத்தான் வரவில்லை. அதை வெளியே கொண்டுவர நெருப்பு போதும். ஆனால் போன புளிப்பை நெருப்பால் திருப்பித் தர முடியாது.

அந்தப் புளிப்பைத் தேடிப் போனதுதான் காந்தல்லூர்ப் பயணம். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி சின்னாறு காட்டு வழியாக மறையூர், அதற்கு மேலே காந்தல்லூர். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போய் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். எங்கள் மீனாட்சிபுரம் தென்னையும் வெயிலுமான ஊர், இங்கே ஆப்பிள் மரத்தைக் கனவில்கூட நட முடியாது. ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மொட்டு விழிக்காது. இடுக்கி மாவட்டத்தின் அந்த மேட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், அந்தக் குளிர் ஓரளவுக்குக் கிடைக்கிறது. பெருமலை, புத்தூர் பக்கத்துத் தோட்டங்களில் பூண்டும் கேரட்டும் விளையும் தட்டுகளுக்கு நடுவே ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. அங்கே வீட்டு வாசலில் தமிழ்தான் பேசுகிறார்கள். 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் காந்தல்லூர் தங்கம் வாங்கிய பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. வருகிறவர்கள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பெரிய சிவப்புக் காயாகப் பார்த்து வாங்கிப் போகிறார்கள்.

நான் வாங்குவது அவர்கள் ஒதுக்கியதை. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய காய், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, மழையில் விழுந்து அடிபட்டது, குருவி கொத்தியது. முதல் தடவை ஒன்றைக் கடித்ததும் பல் கூசியது. மத்து பிடித்த கைக்கு அது போதும், இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சமவெளியில் கிடந்து களைத்த இனிப்புப் பழம் இரண்டு பங்கு, மலைப்பழம் ஒரு பங்கு. இன்றுவரை அதுதான் என் கணக்கு. மலைப்பழம் கிடைக்காத மாதங்களில் பச்சை ஆப்பிள் சேர்க்கிறேன். அதுவும் இல்லையென்றால் கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழம். எலுமிச்சை புளிப்பைத் தரும், ஆனால் அது எலுமிச்சைப் புளிப்பு.

இனிச் செய்முறை. பழத்தைக் கழுவி நாலாக வகுந்து விதையை எடுத்துவிடுங்கள். விதையை நசுக்கினால் கசக்கும், அதில் நஞ்சுத்தன்மையும் உண்டு. மலைப்பழத்தின் தோலை எடுக்க வேண்டாம். கடைப்பழத்துக்கு மெழுகு பூசியிருந்தால் அதன் தோலைச் சீவிவிடலாம். நறுக்கிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. ஆனால் அதற்கும் அவசியம் இல்லாதபடி, நறுக்க நறுக்கப் பாத்திரத்தில் போட்டு அடுப்பை மூட்டிவிடுவதே என் வழக்கம். சூடு ஏறினால் கறுக்கச் செய்யும் நொதி செத்துவிடும். கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர், அடி பிடிக்காமல் இருக்க மட்டும். மூடி போட்டுச் சிறுதீயில் இருபது நிமிடம். அதற்குள் பழம் தன் சாற்றைத் தானே விடும். தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டு அப்புறம் அதைச் சுண்டவைக்க நின்றால், சுண்டுவது தண்ணீர் மட்டும் அல்ல, வாசனையும்தான். தோல் சுருண்டு கழன்று நிற்கும்போது இறக்கி மத்தால் கடையுங்கள். பிறகு கண் பெரிதான வடிதட்டில் கரண்டியால் தேய்த்து விழுதை இறக்கினால் தோல் மேலே தங்கிவிடும். அதன் சாயம் இறங்கி விழுது இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ விழுது தேறும்.

இதுவரை இனிப்பு ஒரு துளியும் போடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அம்மிச்சி சக்கைவரட்டி கிண்டும்போது நான் வெல்லத் தட்டோடு பக்கத்தில் நின்று, போடட்டுமா போடட்டுமா என்று நச்சரிப்பேன். "எப்பப் போடோணும்னு பழம் சொல்லும் சாமி. போட்டதை உன்னால எடுக்க முடியுமா?" என்பார். ஆப்பிளுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு மாதிரி. வெந்த பிறகு ஒரு கரண்டி எடுத்து ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சூட்டில் ருசி பார்த்தால் இனிப்பு ஏமாற்றும். பல தடவை வெல்லமே தேவைப்படாது, ஒரு சிட்டிகை உப்பு போதும். தேவைப்பட்டால் கிலோவுக்கு 50 கிராமைத் தாண்டமாட்டேன்.

அந்த 50 கிராமுக்கு மறையூர்ச் சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கையாலேயே உருட்டிய உருண்டை, மேலே விரல் தடம்கூடத் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிப்பு இல்லாத கருநிற இனிப்பு. எங்கள் கடைவீதியில் சர்க்கரை என்று மொட்டையாகக் கேட்டால் மலையாளக் கடைக்காரர் வெல்லத்தை எடுப்பார், தமிழ்க் கடைக்காரர் வெள்ளைச் சீனியை எடுப்பார். மறையூர் என்று சேர்த்துச் சொன்னால் இரண்டு பேருமே சரியானதை எடுத்து வைப்பார்கள்.

மேலே போட்டுக்கொள்ளும் துண்டுகளுக்கு, இனிப்பைக் கடைசியில் போடும் விதி அப்படியே தலைகீழ். தோசைக்கும் ஆப்பத்துக்கும் தயிருக்கும் மேலே வைக்க ஆப்பிள் துண்டு கரையாமல் நிற்க வேண்டும். அதற்கு இனிப்பைத் துண்டு வெந்து குழையும் முன்பே போட வேண்டும். இனிப்பு துண்டுக்குள்ளிருந்து நீரை இழுத்து, பெக்டின் கரையாமல் துண்டை இறுக்கிவிடும். கடையலில் வெல்லத்தை முன்னால் போட்டால் பழம் மசிய மறுப்பதும் இதே காரணத்தால்தான். கெட்டியான பழமாக எடுத்து, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, அகலமான வாணலியில் ஒரு கரண்டி நெய்யில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கிளறாமல் ஒரு பக்கம் சிவக்கவிட்டு, பொடித்த வெல்லத்தைத் தூவி, எலுமிச்சை பிழிந்து ஐந்தே நிமிடம். பாகு துண்டில் ஒட்டினதும் இறக்கிவிட வேண்டும். மாவாகிப்போன பழம் இதற்கு ஆகவே ஆகாது. அது கடையலுக்குப் பிறந்தது.

மசாலா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உலகம் முழுக்க ஆப்பிளுக்குப் பட்டைதான் என்கிறார்கள். எங்கள் மாநிலத்து இடுக்கியில் ஏலக்காய் விளைகிறபோது எனக்குப் பட்டை இரண்டாம் பட்சம். தட்டிய ஏலக்காய் இரண்டு, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, இறக்கிய பிறகு. கிராம்பும் ஜாதிக்காயும் மழைக்காலத்துக்கு மட்டும்.

எதோடு சாப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு முதலில் அடையைச் சொல்வேன். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்வது நம் பழக்கம். ஜெர்மானியர்கள் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடைக்கு இதே ஆப்பிள் கடையலைத் தொட்டுக்கொள்கிறார்கள். காரத்துக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் புளிப்பு கலந்த இனிப்பு வேண்டும் என்று அவர்கள் நாக்கும் கேட்டிருக்கிறது. மீனாட்சிபுரம் பால் வண்டிகளின் ஊர். ஓணம் நெருங்கினால் செக்போஸ்ட்டில் டேங்கர்களை நிறுத்திப் பாலைச் சோதித்து அனுப்புவார்கள். நல்ல பால் கிடைக்கும் ஊரில் கட்டித் தயிருக்குப் பஞ்சமில்லை. உறைந்த தயிரின் மேல் நெய்யில் சிவந்த ஆப்பிளை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஓணத்துக்குக் கடையலில் பாயசமும் வைக்கலாம். பாலும் கடையலும் தனித்தனியே முழுக்க ஆறின பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கிற பாலில் ஊற்றினால் திரிந்துவிடும். நான் மூன்று லிட்டர் பாலைத் திரித்திருக்கிறேன்.

இன்னொரு தடவை, அவசரத்தில் பிரஷர் குக்கரில் பழத்தை நேராகப் போட்டு விசில் வரக் காத்திருந்தேன். விசில் வரவே இல்லை. ஆப்பிள் நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைத்துக்கொண்டது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்துபார்க்காதீர்கள். திறந்த பாத்திரத்தில் சுண்டவைக்கும்போதும் கெட்டியான விழுது குமிழ் விட்டுக் கைமேல் தெறிக்கும். நீளமான காம்புள்ள துடுப்பு வேண்டும்.

கடையல் ஜாம் அல்ல. ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை, அதுதான் அதைக் காக்கிறது. இதில் அந்தக் காவல் இல்லை. வெந்நீரில் கொதிக்கவிட்ட கண்ணாடி பாட்டிலில் சூடாக அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், ஈரக்கரண்டி படக்கூடாது. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் சில மாதம் வரும். கைக்குழந்தைக்கு என்றால் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரைக்கும் வெல்லமும் வேண்டாம், உப்பும் வேண்டாம், தேன் கூடவே கூடாது.

மாமனார் 2016-இல் காலமானார். கடைசி வருடம் வரைக்கும் ஆவணி பிறந்ததும், "காந்தல்லூருக்கு எப்பப் போறே அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆவணியில் உடுமலை வழியாக மறையூர்ப் பக்கம் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் பெரிய சிவப்புப் பழத்தை வாங்குங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கூடையின் அடியில் கிடக்கும் அடிபட்ட சிறு காய்களையும் ஒரு கிலோ கேட்டு, நல்ல விலை கொடுத்து வாங்குங்கள். அவற்றைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் அந்த மரத்தைத் தோட்டக்காரர் வெட்டாமல் வைத்திருப்பார்.